விரலுக்குத் தெரியாத எண்ணெய்

என் அப்பா பார வண்டி ஓட்டியவர். மன்னார்குடிப் பக்கத்துக் களங்களிலிருந்து ரைஸ் மில்லுக்கு நெல் மூட்டை ஏற்றிப் போவார். வண்டி கட்டுவதற்கு முந்தின நாள் மாலை கொல்லையில் ஒரு வேலை நடக்கும். வைக்கோலைக் கொளுத்திக் கரியாக்கி, அந்தக் கரியை விளக்கெண்ணெய் விட்டுக் குழைப்பார். அதுதான் வண்டி மசகு. குழைத்ததில் ஒரு துளி எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கி, விரல்களை மெல்லப் பிரிப்பார். கறுப்பு நூல் போல இழை நீண்டால் பதம் சரி. அறுந்துபோனால் இன்னும் கொஞ்சம் எண்ணெய். விரலில் திப்பி தட்டினால் கரியை மறுபடி அரைக்க வேண்டும்.

1973இல், என் பதினைந்தாவது வயதில், டிராக்டர் பட்டறை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அங்கிருந்த மேஸ்திரியும் அதே வேலையைத்தான் செய்தார். புது ஆயில் டப்பாவைத் திறந்ததும் விரலை நனைத்து, அப்பாவைப் போலவே நசுக்கி, இழுத்து, தலையாட்டுவார். "எண்ணெய்ன்னா கைக்குத் தெரியணும்டா" என்பார். கெட்டியாக, பிசுபிசுவென்று, தேன் நிறத்தில் இருந்தால் நல்ல ஆயில். தண்ணீராக ஓடினால் மட்டம். அப்பாவும் மேஸ்திரியும் ஒரே பாடத்தைச் சொன்னதால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். அது பாதி உண்மைதான் என்று தெரிய எனக்குப் பதினோரு வருஷமும் ஒரு நல்ல இன்ஜினும் செலவாயின.

போன ஆடியில் ஒரு பையன் வந்தான். அவன் தாத்தா 1976இல் வாங்கிய மாஸி பெர்குசன் 1035 பல வருஷமாகக் கொட்டகையில் நிற்கிறது. "மாமா, தாத்தா வண்டிய எடுத்து ஓட்டலாம்னு இருக்கேன். எந்த ஆயில் ஊத்தறது? கடையில ஆறு டப்பா எடுத்து வச்சு எது வேணும்ங்கறாங்க" என்றான். ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஆறு டப்பாக்களின் மேல் எழுதியிருக்கும் எழுத்துகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரியாமல் ஊற்றினால், நான் பட்டதை அவனும் படுவான்.

அப்பாவின் விளக்கெண்ணெயிலிருந்தே தொடங்குகிறேன். அது கொல்லைப்புறச் சரக்கு மட்டுமல்ல. ஆரம்பகால விமானங்களின் சுழலும் இன்ஜின்களுக்கு ஊற்றியதும் அதைத்தான். பெட்ரோலோடு எளிதில் கலக்காது, சூட்டிலும் உலோகத்தை விடாமல் ஒட்டி நிற்கும் என்பதால் அதை எடுத்தார்கள். 1899இல் லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்ட் தொடங்கிய எண்ணெய் நிறுவனம் 1909இல் தன் புது ஆயிலுக்கு வைத்த பெயர் காஸ்ட்ரால். ஆமணக்கெண்ணெய்க்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரிலிருந்து எடுத்தது அது. ஆயிலில் விளக்கெண்ணெய் கலந்திருந்தது. பட்டறை வாசலில் வருஷக்கணக்காகத் தொங்கிய அந்தப் பெயர்ப் பலகைக்கும் எங்கள் கொல்லை ஆமணக்குச் செடிக்கும் உறவு இருக்கிறது என்று தெரிந்த நாளில் எனக்குச் சிரிப்பு வந்தது.

விளக்கெண்ணெய்க்கு ஒரு குணக்கேடு உண்டு. நீண்ட நேரம் சூட்டில் கிடந்தால் பிசினாகிவிடும். வண்டி அச்சுக்கு அதனால் பாதகமில்லை, மறுநாள் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம். மூடிக்கிடக்கும் இன்ஜினுக்கு அது ஆகாது. நிலத்தடி எண்ணெயிலிருந்து வடித்த மசகுதான் அங்கே நின்றது. அமெரிக்காவில் ஜான் எல்லிஸ் என்ற மருத்துவர் 1866இல் நீராவி இன்ஜின் வால்வுகளுக்கென்று அப்படி ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கினார். அதற்கு முன் அந்த இன்ஜின்களுக்கு மாட்டுக் கொழுப்பை உருக்கி ஊற்றுவது வழக்கம்.

கார்கள் பெருகியபோது ஆளுக்கு ஒரு கெட்டியில் ஆயில் விற்றார்கள். ஒரு கடையின் 'நடுத்தரம்' இன்னொரு கடையின் 'கெட்டி'. 1911இல் அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கம் இதற்கு எண் கொடுத்தது. அதுதான் டப்பாவில் நாம் பார்க்கும் எஸ்.ஏ.இ. அந்த நாளில் கெட்டியை அளந்த விதம் எளிமையானது: குறிப்பிட்ட சூட்டில் எண்ணெயை வைத்து, ஒரு சிறு துளை வழியாக அது ஒழுகி முடிய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது. அப்பா விரலால் பார்த்ததைக் கடிகாரத்தால் பார்த்தார்கள், அவ்வளவுதான். 30, 40 என்ற எண்கள் அந்த வழியில் வந்தவை. எண் ஏற ஏறக் கெட்டி.

ஆகவே 1920கள் வரை என் மேஸ்திரியின் பாடம் உலகம் முழுக்கச் செல்லுபடியான பாடம். அதைச் செல்லாக்காசாக்கியது டீசல் டிராக்டர்.

அமெரிக்காவின் கேட்டர்பில்லர் கம்பெனி 1931இல் தன் முதல் டீசல் டிராக்டரை வெளியிட்டது. பெட்ரோல் இன்ஜினை ஓட்டிய அதே ஆயிலைத்தான் அதிலும் ஊற்றினார்கள். கொஞ்ச காலத்தில் இன்ஜின்கள் புகைந்தன, இழுவை குறைந்தது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் ரிங்குகள் அவற்றின் பள்ளத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. டீசல் எரியும்போது கரி அதிகம், பிஸ்டனுக்குச் சூடும் அதிகம். அந்தச் சூட்டில் எண்ணெய் கருகி அரக்காகிறது, அரக்கில் கரி ஒட்டுகிறது, ரிங்கு சிக்கிக்கொள்கிறது. ஆயிலின் கெட்டியில் குறையே இல்லை. விரலால் நசுக்கிப் பார்த்திருந்தால் முதல் தரம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

1930களின் நடுவில் கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி இதற்கு மருந்து கண்டது. எண்ணெயில் உலோக உப்பு ஒன்றைக் கரைத்து, சோப்பின் குணத்தை அதற்குக் கொடுத்தார்கள். அழுக்கைப் படியவிடாமல் எண்ணெயிலேயே மிதக்கவைக்கும் குணம் அது. அந்த ஆயிலின் பெயர் டெலோ; 'டீசல் இன்ஜின் மசகெண்ணெய்' என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். எண்ணெயின் வேலை வழுக்குவது மட்டுமல்ல, கழுவுவதும்தான் என்பது அன்றைக்கு உறுதியானது. கழுவும் குணம் விரலுக்குத் தெரியாது. கண்ணுக்கோ தலைகீழாகத் தெரியும்: நன்றாகக் கழுவும் ஆயில் சீக்கிரம் கறுக்கும், கழுவாத ஆயில் அளவுக் குச்சியில் பளிச்சென்று நிற்கும்.

கண்ணுக்கும் கைக்கும் தெரியாததை டப்பாவில் எழுதித்தானே ஆகவேண்டும்? 1947இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ. மூன்று தரம் பிரித்தது: சாதாரணம், உயர்தரம், கடும் உழைப்பு. அந்தக் கடைசித் தரத்தின் ஆங்கிலச் சுருக்கம்தான் எச்.டி. எங்கள் பட்டறையில் 1970களிலும் அந்தச் சொல் புழங்கியது. 'எச்.டி. ஆயில்' என்றால் விலை கூடின ஆயில் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் கூடுதல் என்று தெரிந்தவர் எங்களில் யாருமில்லை.

எங்கள் ஊருக்கு டிராக்டர் வந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். 1960களின் தொடக்கத்தில் தஞ்சாவூரில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் வந்தது. ஊரில் அதை 'பாக்கேஜ் திட்டம்' என்பார்கள். பின்னாலேயே ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால நெல் வந்தது. ஒரு போகம் சாகுபடி செய்த வயலில் குறுவையும் தாளடியும் என்று இரண்டு போகம் ஆனது. குறுவை அறுத்த கையோடு தாளடிக்குச் சேறு அடிக்க வேண்டும், நடுவில் சில நாள்தான். மாட்டால் முடியாததற்கு டிராக்டர் வந்தது.

எங்கள் பக்கம் அதிகம் வந்தது செம்பியத்தில் செய்த மாஸி. அதைச் செய்த டாபே கம்பெனி சென்னையில் 1960இல் தொடங்கியது. அந்த 1035இன் வம்சம் இங்கிலாந்தின் மாஸி பெர்குசன் 35. பீட்டர்பரோவில் பிராங்க் பெர்கின்ஸ் 1932இல் தொடங்கிய இன்ஜின் கம்பெனியை 1959இல் மாஸி பெர்குசன் வாங்கியது. பெர்கின்ஸின் மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின்தான் இந்த வண்டிக்கு உயிர். நம் ஊரில் பெர்கின்ஸ் வகை இன்ஜின்களைச் செய்தது சிம்சன். 1840இல் மதராஸில் குதிரை வண்டி கட்டித் தொடங்கிய கம்பெனி அது. இந்த இன்ஜினுக்கு ஊற்ற வேண்டிய எண்ணெயின் மூலமும் பக்கத்திலேயே வந்துசேர்ந்தது. செம்பியத்துக்கு வடக்கே, எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கும் மணலியில், 1969இல் மதராஸ் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. ஈரானின் கச்சா எண்ணெயைக் காய்ச்சி, மசகு தயாரிக்கும் மூல எண்ணெயும் எடுத்தார்கள். வண்டியும் எண்ணெயும் வடசென்னையிலேயே பிறந்து மன்னார்குடிச் சேற்றில் சந்தித்துக்கொண்டன.

நான் பட்டறையில் சேர்ந்த காலத்தில் டப்பாக்களின் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. இந்தியன் ஆயில் 1972இல் சர்வோ என்ற பெயரைக் கொண்டுவந்தது. எஸ்ஸோ 1974இலும் பர்மா ஷெல் 1976இலும் அரசு கைக்கு வந்தன. அடுத்துக் கால்டெக்ஸும் போனது. மேஸ்திரிக்குக் கவலை. "பேர மாத்திட்டானுவ, எண்ணெயும் மாறிருக்குமோ?" என்று ஒவ்வொரு டப்பாவையும் நசுக்கிப் பார்ப்பார். அதே நேரத்தில் 1973 எண்ணெய் நெருக்கடியால் விலை ஏறியது. மிராசுகள் ஆயில் மாற்றுவதை விட்டுவிட்டு, குறைந்ததை மட்டும் நிரப்பச் சொன்னார்கள். பாரலிலிருந்து அளந்து கொடுக்கும் சில்லறை ஆயில் பெருகியது. பழைய ஆயிலைக் காய்ச்சி வடிகட்டிய சரக்கும் அதில் கலந்து வரும். நிறம் தேன், கெட்டி நாற்பது, விரலுக்கு அருமை. கழுவும் குணம் மட்டும் இருக்காது.

என் தவறு 1984இல் நடந்தது. அப்போது தனியாகப் பட்டறை வைத்துவிட்டேன். ஒரு பெரியவரின் 1035, பத்து வருஷமாகச் சில்லறை ஆயிலில் ஓடிய வண்டி. ஆயில் மாற்றியதைவிட நிரப்பியதே அதிகம். இன்ஜின் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. நல்லது செய்வதாக நினைத்து, இருந்த ஆயிலை வடித்துவிட்டு, விலை கூடின எச்.டி. ஆயிலைச் சுமார் ஏழு லிட்டர் நிரப்பி அனுப்பினேன். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்பைக் கழற்றிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சேற்றுழவில் ஆயில் பிரஷர் முள் விழுந்துவிட்டது. டிரைவர் பார்க்கவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் பேரிங் உருகிக் கிராங்கில் ஒட்டியிருந்தது.

சம்பைக் கழற்றினேன். ஆயில் உறிஞ்சும் சல்லடையில் கறுப்பு அல்வா மாதிரி ஒரு விரற்கடைக்குப் படிந்து கிடந்தது. பத்து வருஷமாக இன்ஜின் சுவரில் ஒட்டியிருந்த கசடு அது. புது ஆயிலில் இருந்த சோப்பு அதை மூன்று நாளில் கழுவிக் கீழே தள்ளியிருக்கிறது. ஆயில் தன் வேலையைச் சரியாகச் செய்தது. நான்தான் என் வேலையைச் செய்யவில்லை. பெரியவர் என்னைத் திட்டவில்லை. "தாளடி போச்சுப்பா" என்று மட்டும் சொன்னார். கிராங்கு கடைசல் கூலியை நான் கொடுத்தேன். அந்த நஷ்டத்தில்தான் டப்பாவின் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினேன்.

1970 வாக்கில் ஏ.பி.ஐ. எழுத்து வரிசையை மாற்றியிருந்தது. எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு. சி என்று தொடங்கினால் லாரி, டிராக்டர் டீசல் இன்ஜினுக்கு. சி.ஏ., சி.பி., சி.சி., சி.டி. என்று அடுத்தடுத்த எழுத்து வர வர, ஆயில் தாங்க வேண்டிய சோதனை கடுமையாகும். சி.டி. என்ற தரத்தின் வேர் கேட்டர்பில்லர் 1955இல் வகுத்த சோதனையில் இருக்கிறது. 1976இல் செம்பியத்தில் பிறந்த இன்ஜினுக்கு அந்தத் தரமே தாராளம்.

அன்றைய டீசலில் இன்னொரு வில்லன் இருந்தான்: கந்தகம். 1990களின் நடுப்பகுதி வரை நம் டீசலில் நூற்றுக்கு ஒரு பங்கு கந்தகம் இருக்க அனுமதி இருந்தது. லிட்டருக்கு எட்டு கிராமுக்கு மேல். சேற்றுழவில் ஒரு நாளைக்கு முப்பது லிட்டர் குடிக்கும் வண்டிக்குள் கால் கிலோ கந்தகம் வரை போகலாம். அது எரிந்து, ஈரத்தோடு சேர்ந்து, கந்தக அமிலமாகி லைனரையும் ரிங்கையும் அரிக்கும். அதை முறிக்க ஆயிலில் காரச் சத்தைக் கலந்தார்கள். அந்தச் சத்தில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் சரக்கு, கண்ணுக்குத் தெரியாத பொடியாக எண்ணெயில் மிதப்பது. ஓட ஓட அந்தச் சுண்ணாம்பு தீர்ந்துபோகும். தீர்ந்த ஆயில் கெட்டியாகவே இருக்கலாம், விரல் அதைக் காட்டிக்கொடுக்காது. மணிக்கணக்கு வைத்து மாற்றச் சொன்னதன் காரணம் இதுதான். கெட்டி இருக்கிறதே என்று மாற்றாமல் விட்ட வண்டிகள் பட்டறைக்கு ரிங்கு வேலைக்கு வந்தன.

அந்த டீசல் இன்று இல்லை. 2000இல் கந்தகம் கால் சதவீதமாகக் குறைந்தது. பிறகு படிப்படியாகக் குறைந்து, 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்கப் பத்து லட்சத்தில் பத்துப் பங்குதான். லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் சொச்சம். தாத்தா வண்டி அதுவே, குடிப்பது வேறு.

ஆயில் எழுத்துகளும் ஓடிவிட்டன. 1990இல் சி.எப்.-4, 1998இல் சி.எச்.-4, 2002இல் சி.ஐ.-4. அந்த 4 என்பது நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினைக் குறிப்பது. அமெரிக்காவில் புகைச் சட்டம் இறுக இறுக, இன்ஜினை மாற்றினார்கள். மாறிய இன்ஜினில் புதுத் தொல்லை வர, ஆயிலை மாற்றினார்கள். சி.ஐ.-4 வந்ததே எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஏற்பாட்டுக்காக. 1035இல் அப்படி ஒரு குழாயே கிடையாது. புது எழுத்துகள் எல்லாம் இந்த வண்டிக்கு வராத நோய்களுக்கு எழுதிய மருந்துச் சீட்டுகள். ஆனால் சி.டி. செய்த வேலையை இந்த ஆயில்கள் அதைவிட நன்றாகவே செய்கின்றன என்பதால் பழைய இன்ஜினுக்கு இவை பகையில்லை. விதிவிலக்கு ஒன்று: 2016 கடைசியில் சி.கே.-4உடன் வந்த எப்.ஏ.-4. அது எரிபொருள் மிச்சம் பிடிக்க வேண்டி மெல்லியதாகச் செய்த ஆயில், புது இன்ஜின்களுக்கு மட்டும். பழைய வண்டியின் தேய்ந்த பேரிங்குக்கு அது ஆகாது.

மிச்சம் இருப்பது எண். டப்பாவில் 15டபிள்யூ-40 என்று இருக்கும். அந்த டபிள்யூவை 'வெயிட்' என்றுதான் நானும் பல காலம் நினைத்திருந்தேன். அது குளிர்காலத்துக்கான ஆங்கில முதலெழுத்து. முதல் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது, பின் எண் நூறு டிகிரிச் சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. வெறும் 40 என்று விற்ற பழைய ஆயிலும் 15டபிள்யூ-40உம் ஓடும் சூட்டில் ஒரே கெட்டி வரம்புக்குள்தான் வரும். வேறுபாடு காலையில் சாவி போடும்போதுதான். நம் ஊர் மார்கழிக்கு 20டபிள்யூ-40உம் போதும். கடையில் விரலால் தொட்டுப் பார்ப்பவனுக்கு 15டபிள்யூ மெல்லியதாகத் தோன்றும். கடையின் சூட்டில் இன்ஜின் ஓடுவதில்லை.

பையனிடம் சொன்னது இவ்வளவுதான். டப்பாவில் சி.எச்.-4 அல்லது சி.ஐ.-4 பார். 15 ஆனாலும் 20 ஆனாலும் பின்னால் 40 இருக்கட்டும். பைக் ஆயில் வேண்டாம். நீலப் புகை வந்தால் கியர் ஆயிலைக் கலந்து புகையை மறைக்கச் சொல்வார்கள், கேட்காதே; அது ரிங்கு வேலை, ஆயில் வேலை இல்லை. சீல் பிரிக்காத டப்பாவாக வாங்கு, காலி டப்பாவை ஓட்டை போட்டுத் தூக்கிப் போடு. இல்லாவிட்டால் அதே டப்பா வேறு சரக்கோடு திரும்பி வரும்.

அப்புறம் சம்பைக் கழற்றினோம். நான் எதிர்பார்த்தபடியே அடியில் கறுப்பு அல்வா. சுரண்டி, டீசலில் கழுவி, சல்லடையைப் பார்த்து, பில்டரை மாற்றி, 15டபிள்யூ-40 ஊற்றினோம். பையன் டப்பா வாயில் வழிந்த துளியை நசுக்கிப் பார்த்தான். யாரும் சொல்லிக் கொடுக்காமலே. "என்ன மாமா, தண்ணி மாதிரி இருக்கு?" என்றான். "ஐம்பது மணி ஓட்டிட்டு வா, அப்பத் தொட்டுப் பாரு" என்றேன்.

சேறு அடித்து முடித்துவிட்டு வந்தான். முகத்தில் கலவரம். குச்சியை உருவிக் காட்டினான். அப்பாவின் வண்டி மசகு போலக் கறுத்திருந்தது. "கெட்டுப்போச்சா மாமா?" என்றான். ஒரு துளியை விரலில் எடுத்தேன். இப்போது விரலுக்கு வேலை இருக்கிறது. நசுக்கினேன், உலோகத் துகள் நெருடவில்லை. முகர்ந்தேன், டீசல் வாடை இல்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தேன், தண்ணீர் கலந்த பால் நிறம் இல்லை. வெறும் கறுப்பு. "உங்க தாத்தா காலத்து அழுக்குடா இது. கழுவிட்டு இருக்கு" என்றேன்.

முதல் கழுவல் என்பதால் அதை வடித்துவிட்டுப் புதிது ஊற்றினோம். இனி இருநூறு மணிக்கு ஒரு தடவை போதும். வடித்த ஆயிலைப் பையன் ஒரு பழைய கேனில் பிடித்து வைத்துக்கொண்டான். வீட்டுக் கதவு நிலையில் கரையான் ஏறுகிறதாம், அம்மா கேட்டார்களாம்.